படி நான்கு: மும்முறை தட்டவும்

வாவல்துறை உப்பங்கழியில் மிதக்கிற மினுக்கி தாவரமா, விலங்கா? வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும் என்று தலைமையகம் கேட்டிருந்தது. ஒரு தடவை அல்ல, பதினொரு தடவை. பன்னிரண்டாவது கடிதம் வந்தால் ஆய்வு நிலைய இயக்குநர் சடகோபனுக்கு நெஞ்சுவலியே வந்துவிடும் போலிருந்தது.

மினுக்கி என்றதும் ஏதோ பிரமாதமான ஜந்து என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்றைச் செல். வெறும் கண்ணுக்குத் தெரியாது. இடுப்பைச் சுற்றி ஒரு இழை, பின்னால் ஒரு இழை, இரண்டையும் சாட்டை மாதிரி ஆட்டிக்கொண்டு தண்ணீரில் பம்பரமாகச் சுற்றித் திரியும். இருட்டில் தண்ணீரைக் கலக்கினால் நீலமாக மின்னும், அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மினுக்கி. படித்தவர்கள் அந்த வகையறா முழுவதையும் சுழலுயிரி என்பார்கள். அந்த வகையறாவுக்கே காலங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. பாதிப் பேர் வெயிலை வைத்துத் தானே சமைத்துச் சாப்பிடுவார்கள். பாதிப் பேர் அக்கம்பக்கத்துக்காரனைச் சாப்பிடுவார்கள். ஒரு சிலர் இரண்டையும் செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார்கள். தாவரக்காரர்கள் தங்கள் ஏட்டில் எழுதிவைத்தார்கள், விலங்குக்காரர்களும் தங்கள் ஏட்டில் எழுதிவைத்தார்கள். இரண்டு ரேஷன் கார்டில் பெயர் இருந்தும் அத்தனை வருடம் ஒருத்தரும் பிடிக்கவில்லை.

2061-இல் ஒரே பட்டியல் சட்டம் வந்து பிடித்துவிட்டது. யானை முதல் பூஞ்சைக்காளான் வரை எல்லா உயிரும் ஒரே பட்டியலில் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டே கட்டம், தாவரம், விலங்கு. ஒன்றைத் தொட்டால்தான் திரை அடுத்த பக்கத்துக்குப் போகும். சட்டம் வந்த புதிதில் இட்லி மாவைப் புளிக்கவைக்கிற நுண்ணுயிரை யாரோ புண்ணியவான் அவசரத்தில் விலங்கு என்று தொட்டுவிட்டான். மூன்று நாள் தமிழ்நாட்டு ஓட்டல்களில் இட்லியை அசைவப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் தொடுகிறவர்களுக்கு விரல் நடுங்க ஆரம்பித்தது.

வாவல்துறை நிலையத்தில் தொட வேண்டிய விரல் செண்பகவல்லியுடையது. வயது ஐம்பத்தொன்று, சொந்த ஊர் கோவில்பட்டி, பதவி வகைப்பாட்டு அலுவலர். அவளுக்கு விரல் நடுங்கவில்லை. மினுக்கிக்கு அறிவியல் பெயர் வைத்தவளே அவள்தான். மினுக்கி ஒரு தாவரம் என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் நிரூபித்து முனைவர் பட்டம் வாங்கியவளும் அவள்தான். ஓர் உயிரை முதலில் விவரித்தவர் பெயரை அந்த உயிரின் பெயருக்குப் பின்னால் எழுதுவது உலக வழக்கம். அப்படி அவள் பெயர் அச்சில் வந்த பக்கத்தைத் தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்த அவள் அப்பா ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "கடல்ல எம் மக பேரச் சொல்லிக்கிட்டு கோடிக்கணக்குல நீந்துது" என்பார். கழிக்கும் கடலுக்கும் வித்தியாசம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தொடுவதற்கு முன் அந்த வாரமே எடுத்த தண்ணீரில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது விதி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கஸ்பாரின் வள்ளத்தில் ஏறினாள். கஸ்பாருக்கு ஐம்பத்தெட்டு வயது. நிலையத்துக்கு வள்ளம் ஓட்டுகிற வேலை அவருக்கு அவர் அப்பாவிடமிருந்து வந்தது. நிலையத்து வேலை முடிந்தால் அதே கழியில் வலை போடுவார்.

நடுக்கழிக்கு வந்ததும் கஸ்பார் துடுப்பை நிறுத்தினார். "மேடம், ஒரு சங்கதி கேக்கணும். தப்பா நெனைக்கப்பிடாது."

"கேளுங்க அண்ணாச்சி."

"இதைச் செடின்னு நீங்க தொட்டுட்டா என்ன ஆவும்?"

"பயிர்த்துறை எடுத்துக்கும். ஒளிப்பயிர்த் திட்டம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. கழித் தண்ணியைப் பம்புல உறிஞ்சி, மினுக்கியைப் பிரிச்சு, கண்ணாடிக் குழாய்ல அடைச்சுத் தெருவிளக்கு ஆக்குவாங்க. கரண்ட் வேண்டாம்."

"தண்ணிய?"

"திருப்பி விட்டுருவாங்க."

"தண்ணி திரும்பி வரும். அதுல கெடந்த மடவை மீன் குஞ்சும் எறாக் குஞ்சும் திரும்பி வருமா?"

செண்பகவல்லி பாட்டில் மூடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"சரி, மிருகம்னு தொட்டா?"

"உயிர்நலத் துறை எடுத்துக்கும். பாதுகாக்கப்பட்ட விலங்குன்னு அறிவிச்சு, கழியச் சுத்தி வேலி போட்டுருவாங்க. வலை, வள்ளம் எதுவும் உள்ள வரக்கூடாது."

"அப்ப செடின்னாலும் வாவல்துறைக்காரன் வெளிய, மிருகம்னாலும் வாவல்துறைக்காரன் வெளிய." கஸ்பார் சிரித்தார். அது சிரிப்பே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "இருநூத்திப் பன்னெண்டு வீடு இருக்கு மேடம். எங்கள எந்தக் கட்டத்துல போட்டிருக்காவ?"

இருபத்து நாலு வருடமாக இந்தக் கழியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. வெட்கமாக இருந்தது. தண்ணீரை மொண்டுகொண்டு கரைக்குத் திரும்பினாள்.

ஆய்வகத்தில் சொட்டை வைத்து நுண்ணோக்கியைத் திரையில் போட்டவள், "ஐயையோ" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

மினுக்கிகளுக்கு வாய் முளைத்திருந்தது. ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் மெல்லிய நூல் ஒன்று வெளியே நீண்டு துழாவிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் ஒருத்தி தன்னைவிடப் பெரிய எதையோ நூலால் குத்தி, கல்யாண வீட்டில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வருடத்தில், ஆயிரக்கணக்கான சொட்டில், ஒருநாளும் செண்பகவல்லி அந்த நூலைப் பார்த்தது கிடையாது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அந்த நூலுக்கு ஒரு வரிகூட இல்லை.

பாட்டில் அழுக்காக இருக்கும் என்று நினைத்தாள். வேறு பாட்டில், வேறு கண்ணாடி, மறுபடி வள்ளம். மத்தியானமும் வாயோடுதான் இருந்தன. நாலு மணிக்கும் வாயோடுதான்.

"அண்ணாச்சி, இன்னைக்குக் கழியில என்ன மாறியிருக்கு? யாராவது மருந்து கொட்டினாங்களா?"

"கழியில ஒண்ணும் மாறல. துடுப்புதான் மாறியிருக்கு." அன்று காலைதான் நிலையத்தில் புது ஃபைபர் துடுப்பு கொடுத்திருந்தார்கள். வழுவழுவென்று வெள்ளையாக இருந்தது. "இதுல சேறு ஒட்டமாட்டேங்கு. அதனால தட்டல."

"என்ன தட்டல?"

"நீங்க பாட்டிலை எறக்குமுன்ன நான் வள்ளத்து ஓரத்துல மூணு தட்டுத் தட்டுவம்லா? அது."

செண்பகவல்லி ஓடிப்போய் நிலையத்தின் செயல்முறைக் கையேட்டை எடுத்தாள். படி ஒன்று, பாட்டிலைக் கழுவவும். படி இரண்டு, வள்ளத்தை நிறுத்தவும். படி மூன்று, காற்றின் திசையைக் குறிக்கவும். படி நான்கு, துடுப்பால் வள்ளத்தின் விளிம்பை மும்முறை தட்டவும். படி ஐந்து, பாட்டிலை இறக்கவும். அவள் சேருவதற்கு முன்பிருந்தே இருந்த கையேடு. முப்பது வருடமாக ஆறு இயக்குநர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படி நான்கு எதற்கென்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவளும்தான் கேட்டதில்லை. ஏதோ ஒலி அலை, தண்ணீர் அடுக்கைச் சீராக்கும் என்று அவளாகவே ஒரு காரணம் நினைத்து வைத்திருந்தாள்.

"படி நாலு எதுக்கு அண்ணாச்சி?"

"மொத மொத வந்த டைரக்டர் எங்கப்பா கூட வள்ளத்துல போயிருக்காரு. அப்பா துடுப்புல ஒட்டுன சேத்தத் தட்டி விட்டிருக்காரு. அவரு உக்காந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டே வந்தாராம்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்சம் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் பழைய மரத் துடுப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். தட்டி எடுத்த தண்ணீரில் ஒரு வாய்கூட இல்லை. அத்தனையும் நூலை உள்ளே இழுத்துக்கொண்டு, வெயிலில் காய்கிற நல்ல பிள்ளைகளாகப் பச்சையும் பழுப்புமாகச் சுற்றின. பக்கத்திலேயே அரை மணி நேரம் சத்தமில்லாமல் காத்திருந்து எடுத்த தண்ணீரில் அத்தனைக்கும் வாய் இருந்தது. பத்துத் தடவை எடுத்தார்கள், பத்துத் தடவையும் அப்படியே.

"இதுல என்ன ஆச்சரியம்?" என்றார் கஸ்பார். "ஸ்கூல்ல இன்ஸ்பெக்டர் வாராருன்னா பிள்ளையள் திங்குத முறுக்க மறைக்குமா இல்லையா?"

"பிள்ளைகளுக்குத் தெரியும் அண்ணாச்சி. இதுக்கு மூளையே கிடையாது. ஒத்தச் செல். ரெண்டு நாளைக்கு ஒருதடவ ரெண்டாப் பிரிஞ்சிரும். முப்பது வருசத்துல எத்தன தலைமுறை! தட்டினா ஆள் வருதுன்னு எப்படி ஞாபகம் வச்சிருக்கும்?"

"ரெண்டாப் பிரியும்னா, அதுல தாய் எது, பிள்ளை எது?"

"ரெண்டுமே தாய்தான். தாயே பாதி பாதியா..." செண்பகவல்லி பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப மொத தட்டைக் கேட்டது இன்னும் சாவல." கஸ்பார் பீடியைப் பற்றவைத்தார். "செத்தாத்தான மறக்கும்?"

அன்று சாயங்காலம் ஆய்வகத் தொட்டியில் மினுக்கிகளை விட்டு, மேலே கேமராவைப் பொருத்தி, வராந்தாவில் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் வெறுங்காலோடு உள்ளே வந்தால் வாய்நூல்கள் வெளியிலேயே இருந்தன. வலைக்காரர்களின் வெறுங்கால் நடையை அவை பொருட்படுத்தவில்லை. இயக்குநர் சடகோபன் டக் டக் என்று ஷூ சத்தத்தோடு வந்தார். கதவைத் திறப்பதற்கு முன்பே ஒரு நூல் பாக்கியில்லாமல் உள்ளே போய்விட்டது.

"அப்ப என்ன சொல்ல வர்றீங்க?" என்றார் சடகோபன்.

"இது விலங்கு சார். செடி மாதிரியும் வாழுற விலங்கு. பாக்க வர்றவங்க யாரு, சும்மா வர்றவங்க யாருன்னு வேற பிரிச்சு வச்சிருக்கு. நாம அதை வகைப்படுத்துறோம்னு நெனச்சோம். அது முப்பது வருசமா நம்மளை வகைப்படுத்திக்கிட்டிருக்கு."

சடகோபன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "செண்பகா, நான் உங்க கால்ல விழுறேன். முப்பது வருச அறிக்கை முழுக்கத் தாவரம்னு போயிருக்கு. அதெல்லாம் தப்புன்னு எழுதினா எத்தனை விளக்கம் கேப்பாங்க தெரியுமா? யாரும் தட்டச் சொல்லலைன்னு நெனச்சுக்குங்க. இல்ல, தட்டினதாவே நெனச்சுக்குங்க. எதையாவது நெனச்சுத் தாவரத்தைத் தொட்டு விடுங்க. நீங்க எழுதின தீசிஸை நீங்களே கிழிப்பீங்களா?"

அவர் சொன்னதில் ஒன்று அவளுக்கும் உறைத்தது. பொய் சொல்லித் தாவரத்தைத் தொட்டால் கழி பம்புக்குப் போகும், அவள் பெயர் நிற்கும். உண்மையைச் சொல்லி விலங்கைத் தொட்டால் கழி வேலிக்குள் போகும், அவள் பெயரும் போகும். எதைத் தொட்டாலும் கஸ்பாருக்குக் கழி இல்லை. புதன்கிழமை முழுக்க அவள் சாப்பிடவில்லை. உண்மை இவ்வளவு உபயோகமில்லாத பொருளா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை சட்டப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். மனுஷர் படிக்கிற புத்தகமா அது! ஒன்பதாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவில் சின்ன எழுத்தில் அது இருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் ஒரு கடிதம் எழுதி, மடித்து, கைப்பையில் வைத்தாள். பிறகு கோவில்பட்டிக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அந்த ஃபிரேம் போட்ட பக்கம் இருக்குல்ல. அதுல இருக்கிற பேரு செல்லாமப் போகலாம்ப்பா."

"ஏன், வேற எவனாவது தன் பேரைப் போட்டுக்கிட்டானா?"

"இல்லப்பா. நான் எழுதினது தப்பு."

"நீயா கண்டுபிடிச்ச?"

"ஆமா."

"அப்ப அந்தக் கடுதாசியையும் அனுப்பு. பக்கத்துலயே மாட்டிருவோம். ஆணி இருக்கு" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு துறையும் நேரிலேயே வந்து இறங்கின. பயிர்த்துறை இணை இயக்குநர் வேதகிரி, ஒளிப்பயிர்த் தெருவிளக்கின் மாதிரி ஒன்றை நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைப் பிடிக்கிற மாதிரி உறையோடு நெஞ்சில் அணைத்தபடி வந்தார். உயிர்நலத் துறை ஆணையர் நளாயினி, உட்காருவதற்கு முன் நாற்காலியில் இருந்த ஓர் எறும்பைக் காகிதத்தில் ஏற்றி ஜன்னலுக்கு வெளியே இறக்கிவிட்டு, அது நடந்து போவதைப் பார்த்த பிறகே உட்கார்ந்தார். மினுக்கி எங்களுக்குத்தான் என்று ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

நால்வரும் வள்ளத்தில் ஏறினார்கள். சடகோபன் கரையிலேயே நின்று கையைப் பிசைந்தார். கையடக்க நுண்ணோக்கியையும் திரையையும் செண்பகவல்லி மடியில் வைத்துக்கொண்டாள். கஸ்பார் மரத் துடுப்பால் மூன்று தட்டுத் தட்டினார். சொட்டை வைத்தார்கள். வாயே இல்லாத மினுக்கிகள் வெயிலில் சாதுவாகச் சுற்றின.

"செடி!" என்றார் வேதகிரி. அலைக்கு வயிறு கலங்கியிருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. "என்ன ஒழுக்கம் பாருங்க!"

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள் செண்பகவல்லி. அரை மணி நேரம் யாரும் அசையக்கூடாது என்றாள். ஒரு அரசாங்க அதிகாரி அரை மணி நேரம் போன் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்பது இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பிறகு தட்டாமல் எடுத்த சொட்டைத் திரையில் காட்டினாள். நடுவில் ஒரு மீன் முட்டை கிடந்தது. அதைச் சுற்றி ஏழெட்டு மினுக்கிகள் நூலைப் போட்டுப் பந்தி நடத்திக்கொண்டிருந்தன.

"விலங்கு!" நளாயினி கைகூப்பினார். "பாவம், பயந்து பயந்து சாப்பிட்டிருக்கு!"

வேதகிரியின் முகம் வாடிவிட்டது. "அது என்ன, மீன் முட்டையா?"

"ஆமா சார். மடவை முட்டை."

"பயிர்த்துறைப் பொருள் எல்லாத்துக்கும் சைவ முத்திரை குத்தணும் அம்மா. கோயில் வாசல்ல வைக்கிற விளக்குக்குள்ள இது உக்காந்து முட்டை சாப்பிட்டா, என்னை ஊருக்குள்ள விடுவாங்களா?" தெருவிளக்கு மாதிரியை அவர் மெதுவாகக் காலுக்கடியில் தள்ளிவைத்தார். "மேடம், நீங்க சொல்றதுதான் சரி. இது உங்களுக்குத்தான்."

நளாயினி பெருமையோடு குறிப்பேட்டைத் திறந்தார். "எங்க சட்டப்படி ஒவ்வொரு விலங்குக்கும் தனி எண் கொடுக்கணும். வருசம் ஒருமுறை உடல் பரிசோதனை. இந்தச் சொட்டுல எத்தனை இருக்கும்?"

"வெயில் காலத்துல நாலாயிரம் இருக்கும்."

பேனா நின்றது. "கழி முழுக்க?"

"அதுக்கு எண் இருக்கு, ஆனா வாசிக்க மூச்சு போதாது."

"ஒண்ணு செத்தாலும் மாவட்ட அதிகாரி நேர்ல வந்து விசாரிக்கணும்" என்றார் நளாயினி. குரல் இறங்கியிருந்தது. "ஒருநாளைக்கு எத்தனை சாகும்?"

"ஒரு மடவை வாயத் தொறந்து மூடுனா ஒரு லச்சம் காலி மேடம்" என்றார் கஸ்பார். "இங்க மடவை வாய மூடுததே கெடயாது."

நளாயினி அருகிலிருந்த பலகையில் உட்கார்ந்தார். எறும்பு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யோசிச்சுப் பார்த்தா இது வெயில்ல சமைக்குது. உங்களுக்குத்தான் பொருத்தம் சார்" என்றார்.

"ஐயோ, இல்ல மேடம், நீங்கதான் எடுத்துக்கணும்."

"சே சே, உங்க உரிமையில நாங்க எப்படி."

பந்தியில் கடைசி வடையை ஆளுக்காள் அடுத்தவர் இலைக்குத் தள்ளுகிற மாதிரி இருவரும் மினுக்கியைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். இதற்காகத்தான் செண்பகவல்லி காத்திருந்தாள், இது வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்திருந்தாள். கைப்பையைத் திறந்தாள்.

"ஒன்பதாம் பிரிவு, மூணாவது உட்பிரிவுல ஒரு வழி இருக்கு" என்றாள். "எங்க தொழில்ல ரொம்ப காலமா உள்ளது. எந்தக் குடும்பத்துல சேக்கிறதுன்னு தெரியாத உயிரை 'இடம் உறுதியாகாதவை'ன்னு தனியா வைப்போம். அப்படி வச்சா, உறுதியாகிற வரைக்கும் அது வாழுற இடம் இருந்தபடியே இருக்கணும். அங்க அதுவரைக்கும் யார் என்ன செஞ்சாங்களோ அதையே செஞ்சுக்கலாம். கால வரம்பு இல்ல."

"அதாவது நிலுவை" என்றார் வேதகிரி. அந்த வார்த்தையைச் சொன்னதும் அவருக்கு வயிற்றுக் கலக்கமே நின்றுவிட்டது. "ஃபைல் நிலுவையில இருக்கும்!"

"எந்தத் துறையிலயும் இருக்காது?" என்றார் நளாயினி, பயத்தோடு.

"எந்தத் துறையிலயும் இருக்காது."

"இத்தனை அருமையான பிரிவை ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லல?"

"ஒரு நிபந்தனை இருக்கு. அந்த உயிரை முதல்ல விவரிச்சவரே தன் விவரிப்பு தப்புன்னு எழுத்துல திரும்ப வாங்கணும். அவர் பேரை எடுத்துருவாங்க." செண்பகவல்லி கடிதத்தை நீட்டினாள். "நான்தான் அவர்."

இருவரும் ஒரே சமயத்தில் பேனாவை எடுத்தார்கள். கஸ்பார் மட்டும் துடுப்பை வள்ளத்தில் போட்டுவிட்டு அவளையே பார்த்தார். இவ்வளவு வருடத்தில் அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. "மேடம், அது உங்க பேருல்லா" என்றார். "எதுக்கு இப்படிச் செய்யுதீய?"

"தட்டித் தட்டிக் கிடைச்ச பேரு அண்ணாச்சி. அதுல சேறுதான் ஒட்டியிருக்கு. வள்ளத்தைத் திருப்புங்க, மணி ஆச்சு."

நாலே முக்காலுக்குத் திரையில் ஒன்பது, மூன்று என்று எண்ணை அழுத்தினாள். 'தயவுசெய்து தாவரம் அல்லது விலங்கைத் தேர்வு செய்யவும்' என்று இரண்டு தடவை அடம்பிடித்த பட்டியல், மூன்றாவது தடவை வேறு வழியில்லாமல் மினுக்கியை இடம் உறுதியாகாதவை என்று ஏற்றுக்கொண்டது. பெயருக்குப் பின்னாலிருந்த செண்பகவல்லி மறைந்து அந்த இடம் வெள்ளையாக நின்றது. சடகோபன் தலைமையகத்துக்குத் 'தீர்ந்தது' என்று செய்தி அனுப்பிவிட்டு இரண்டு காபி குடித்தார். கழியில் அன்றைக்கே வலை விழுந்தது.

மறுவாரம் திங்கட்கிழமை காலை, எல்லாம் அடங்கியதும், அவள் தொட்டியின் போன வாரத்துக் கேமராப் பதிவுகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்பார் வருகிற காட்சியில் நூல் எல்லாம் வெளியே இருந்தது. சடகோபன் வருகிற காட்சியில் எல்லாம் உள்ளே. அவள் மட்டும் தனியாக வருகிற காட்சிகளில் படம் என்னவோ கோளாறாக இருந்தது. பாதி மினுக்கிக்கு நூல் உள்ளே, பாதிக்கு வெளியே. விளக்குதான் சரியில்லை என்று நினைத்து அப்போது அந்தப் பதிவுகளைக் கணக்கில் சேர்க்காமலே தள்ளியிருந்தாள்.

எழுந்து வெளியே போனாள். வராந்தாவில் நின்றிருந்த கஸ்பாரைத் தொட்டியைப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்குள் அனுப்பினாள். சிறிது நேரம் கழித்து அவரை வெளியே வரச்சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே நடந்தாள். செருப்போடு ஒருமுறை, செருப்பில்லாமல் ஒருமுறை. பதிவைப் போட்டு இருவரும் பார்த்தார்கள். கஸ்பார் உள்ளே நின்றபோது நூல் எல்லாம் வெளியே இருந்தது. அவள் போனபோது செருப்போடும் பாதிக்குப் பாதி, செருப்பில்லாமலும் பாதிக்குப் பாதி.

"வெளக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் கஸ்பார்.

செண்பகவல்லிக்கு முதலில் கோபம் வந்தது. இதுகளுக்காகத்தானே பேரைக் கொடுத்தேன் என்று நினைத்தாள். பிறகு, நுண்ணோக்கியோடு வந்ததும் நான்தானே, சத்தமில்லாமல் காத்திருந்ததும் நான்தானே என்றும் தோன்றியது. "என்ன அண்ணாச்சி இது? என்னை எந்தக் கட்டத்துல போட்டிருக்கு?"

கஸ்பார் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, வாயில் இருந்த சிரிப்பை மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை.

"ஒன்பதாம் பிரிவு, மூணாவது உட்பிரிவு மேடம். உங்க ஃபைல் நிலுவையில கெடக்கு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, நுண்ணோக்கியை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். "எப்ப முடிவு பண்ணுமாம்?"

"உங்களுக்கே இருவத்திநாலு வருசம் ஆச்சு" என்றார் கஸ்பார். "அதுகளுக்கும் கொஞ்சம் டைம் குடுங்க."